மாப்பிள்ளைச் செடி

அரிவாள் தண்டில் பாதிவரை இறங்கி அப்படியே சிக்கிக்கொண்டது. அவன் ஒரு காலைச் செடியின் அடியில் ஊன்றி இழுத்துப் பார்த்தான். வரவில்லை. தோள் உயரம்கூட இல்லாத செடிக்கு இவ்வளவு கெட்டியான தண்டு இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. சாலையோரத்தில் இதைவிடப் பெரிய புதர்களை ஒரே வீச்சில் சாய்த்த கை அது.

"மெதுவா வெட்டுங்க." சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உள்ள கேக்குது."

"அக்கா தூங்குதுன்னு சொன்னியே?"

"தூங்குறாங்களா, கண்ணை மூடிட்டு இருக்காங்களான்னு எனக்கெப்படித் தெரியும்? அண்ணி என்ன என்கிட்ட சொல்லிட்டா தூங்குறாங்க?"

அரிவாளை ஆட்டி ஆட்டி எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தான். பையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். ரம்பம் அவ்வளவாகச் சத்தம் போடாது. தரையோடு தரையாக வைத்து, உடம்பால் மறைத்துக்கொண்டு அறுத்தான். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று மறைத்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஓடும் அந்தச் சந்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. செடி சாயும்போது ஒரு பக்கத்து இலைகள் எல்லாம் அவன் முகத்தில் உரசிக்கொண்டு போயின. இலைகள் தோல் மாதிரித் தடிப்பாக, குளிர்ச்சியாக இருந்தன.

அக்காவின் வீடு அது. அவள் காட்டு இலாகாவின் நாற்றங்காலில் வேலை செய்தவள். பை நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் தெளிப்பது. அங்கே அவளுக்கு நாத்தக்கா என்று பெயர். வயிற்றில் வந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகு, தம்பியும் அவன் மனைவியும் பெட்டி படுக்கையோடு இங்கே வந்துவிட்டார்கள். அவன் சாலை பராமரிப்புக் கூட்டத்தில் புதர் வெட்டுகிறவன். ஒரு இடத்தை முடித்ததும் நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டு, "சுத்தம்!" என்பான். கூடவே வேலை செய்கிறவர்கள் அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

சந்தில் வழி விடச் சொன்னது தச்சர். அவர் முந்தின நாள் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, உடம்பைப் பார்த்துக்க தாயி என்று சொல்லிவிட்டு எழுந்தவர், முன்நடையில் வந்ததும் நின்றார். இரண்டு கையையும் அகல விரித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, வளைவில் முழங்கை இடித்ததும் உச்சுக் கொட்டினார்.

"பெட்டி திரும்பாதுப்பா இதுல. நிமித்தித்தான் எடுக்கணும். அக்காவை நிக்க வச்சு எடுத்துட்டுப் போறது நல்லாவா இருக்கும்?"

"இப்ப எதுக்கு அண்ணே அதெல்லாம்..."

"இப்ப இல்லாம? அன்னிக்கு நீ அழுவியா, அரிவாளைத் தேடுவியா? சந்துப் பக்கம் அந்தப் புதரை மட்டும் எடுத்துட்டேன்னா நேரா தெரு."

பீரோவை வெளியே எடுப்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேலை தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

சந்தில் நின்றவை இரண்டே செடிகள். ஒன்று மதிலோரம், கிளை கிளையாகச் சிவப்புப் பழங்களை மாட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று நடுவில், எந்த அலங்காரமும் இல்லாமல், வெறும் கரும்பச்சை இலையோடு. அக்கா படுத்ததிலிருந்து காலையில் கண் திறந்ததும் முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனியாடா?" என்பதுதான். சந்தில் ஒரு செடியைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று மனைவி கேட்டு வந்து சொன்னாள். அவன் போய்ப் பார்த்தான். சிங்காரித்துக்கொண்டு நிற்கிறதுதானே மாப்பிள்ளையாக இருக்க முடியும்? அன்று முதல் தினமும் ஒரு வாளித் தண்ணீர் அந்தச் சிவப்புப் பழச் செடிக்கு. நடுவில் நின்றதற்குச் சமையலறையிலிருந்து ஒழுகி வரும் தண்ணீரே போதும் என்று விட்டுவிட்டான்.

"மாப்பிள்ளை மேல மட்டும் கை வச்சிராதே," என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறாள். "உன் கையில அரிவாளைக் குடுத்தா நீ காட்டையே பெருக்கித் தள்ளிருவே."

அதனால் இன்றும் முதல் வேலையாகச் சிவப்புப் பழச் செடியைக் கயிறு போட்டு மதிலோடு சேர்த்துப் பதமாகக் கட்டினான். பெட்டி போகும்போது உரசிவிடக் கூடாது. அதன்பிறகுதான் மற்றதில் அரிவாளை வைத்தான். காய்க்காத செடியை வெட்டுவதற்கு அரிவாள் வேலைக்காரன் யாரிடமும் கேட்பதில்லை.

வெட்டியதை இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டான். சந்தைப் பெருக்கினான். தெருவரை பார்வை தடையில்லாமல் ஓடியது. வியர்வையை வழித்து உதறினான். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"டேய்."

ஜன்னல் வழியாக வந்த குரல் மெலிந்திருந்தாலும், அது அக்காவின் குரல்தான்.

அவன் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனான். முன்னறையில் கட்டிலைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். தலைக்கு மூன்று தலையணை. ஸ்டூலில் தண்ணீர் டம்ளரும் கரண்டியும். அக்காவின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. உடம்பில் இருந்த சதையெல்லாம் போன பிறகும் நகக்கண்ணில் மண்ணின் கறை மட்டும் போகவில்லை. மனைவி எத்தனையோ தடவை சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

"என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. சந்துல குப்பையாக் கிடந்துச்சு. சும்மா இருக்கமேன்னு சுத்தம் பண்ணேன்."

"நீ சும்மா இருந்தாத்தான் எனக்கு நிம்மதி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மாப்பிள்ளை?"

"ஐயோ, அதைத் தொடுவேனா? கயிறு போட்டு மதிலோட கட்டியிருக்கேன். ஒரு பழம்கூட உதிரல."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"என்ன உதிரல?"

"பழம்க்கா. செவப்பா இருக்குமே, அந்தப் பழம்."

சமையலறையில் தாளிக்கிற சத்தம் நின்றது. அவன் டம்ளரை எடுத்தான். அவள் வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தாள்.

"பழம் இருக்கிறது பொண்ணுடா," என்றாள். "ஆம்பளை எங்கடா காய்க்கும்?"

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் இருமலாகிவிட்டது. மனைவி ஓடி வந்து முதுகைத் தாங்கினாள். இருமல் அடங்கும்வரை அவன் கையில் டம்ளரோடு நின்றான். அவள் சொன்னது என்ன என்று அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. அக்காவைத் தலையணையில் சாய்த்தபோது, அவள் முகத்தைப் பார்த்ததும்தான் உள்ளே ஏதோ கழன்று விழுந்தது.

அந்தச் செடியின் கதை அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். அக்கா சொல்லும்போது அவன் காது கொடுத்ததில்லை. மலை மேல் மழைக்காட்டுக்குள், வெயில் தரையில் விழாத ஒரு பள்ளத்தில் மட்டும் இருந்த செடி அது. எந்தக் காலத்திலும் இலை உதிர்க்காது. வேறெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. இலாகாக்காரர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கொப்பு வெட்டி வந்து நாற்றங்காலில் ஊன்றினார்கள். எல்லாரும் பழம் இருந்த செடியில்தான் கொப்பு எடுத்தார்கள். அக்கா குள்ளம். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற பழச் செடி அவளுக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய வெறும் செடியில் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வந்த பெருமழையில் அந்தப் பள்ளமே சரிந்து, மண்ணும் பாறையுமாக ஓடையை மூடிவிட்டது. நாற்றங்காலில் வளர்ந்ததெல்லாம் பெண். பழத்துக்குள் விதை வெறும் சக்கை. ஆண் என்று மிஞ்சியது, அக்கா ஒடித்து வந்த ஒன்று. நாற்றங்கால் வெயிலில் அது வாடியது என்று சொல்லி, கேட்டு வாங்கி வந்து, பெரிய மர நிழலில், சமையலறைத் தண்ணீர் ஓடும் சந்தில் வைத்தாள். துணைக்குப் பெண் ஒன்று. அதிலிருந்து கொப்பு எடுத்து வேறு ஆண் வளர்க்க எத்தனையோ தடவை பார்த்தார்கள். எல்லாம் அழுகிப்போயிற்று. வருடம் ஒருமுறை அது பூக்கும்போது, மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டு வைப்பார்கள். பார்க்க வருகிறவர்களிடம் அக்கா, "வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. முகம் கோணாம வச்சிருக்கேன்," என்பாள்.

அவன் தினமும் தண்ணீர் ஊற்றியது பெண்ணுக்கு. கட்டிக் காத்ததும் பெண்ணைத்தான்.

"எதுக்குடா வெட்டுன?"

அவன் தரையைப் பார்த்தான். மனைவி அக்காவின் போர்வையைச் சரி செய்தாள். சரியாக இருந்த போர்வையை மறுபடியும் சரி செய்தாள். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவின் கண் அவனைத் தாண்டி, முன்நடையின் வளைவுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"தச்சர் நேத்து அங்க நின்னு என்னமோ அளந்தாரே," என்றாள்.

"அக்கா..."

"வழி பத்துமா?"

அவன் டம்ளரை ஸ்டூலில் வைத்தான்.

"கேக்குறேன்ல. பத்துமா, பத்தாதா?"

"பத்தும்க்கா."

"சரி."

அதில் கோபம் இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். ஒரு வேலை முடிந்ததா என்று விசாரிக்கிற மேஸ்திரியின் குரல்தான் அது. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"பூ இருந்துச்சா அதுல?"

"பாக்கலக்கா."

"போய்ப் பாரு. மொட்டு இருந்தாலும் சரி, கொண்டுவந்து தண்ணியில நிறுத்து. வெயில்ல போட்டுராதே. சாயங்காலம் சார் வரேன்னாரு. அவர்ட்ட சொல்லு."

"நீயே சொல்லிரேன்க்கா. நீ சொன்னா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வெட்டுனது நானா?"

கொல்லையில் செடி வெயிலில்தான் கிடந்தது. நுனி இலைகள் துவளத் தொடங்கியிருந்தன. மண்டி போட்டுத் தேடினான். இலைக் கக்கத்தில் கடுகு போல மொட்டுகள் இருந்தன. பார்க்க வேண்டும் என்று பார்த்தால்தான் தெரியும். ஓரிரண்டு வாய் திறந்து மஞ்சளாகத் தூள் காட்டின. பூவோடு நின்ற செடியைத்தான் அறுத்திருக்கிறான். கொப்பு கொப்பாகக் கழித்து வாளியில் நிறுத்தினான். வாளியைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தான். நிழலுக்காக என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"அங்க ஏன் வைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"நிழலா இருக்கட்டும்னு."

"முன்னாலயும் நிழல்தான்."

அவன் குளியலறைக் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினான்.

சார் என்பது நாற்றங்காலின் சூப்பர்வைசர். அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வேகமாகப் பேசுகிற மனிதர். பொழுது இறங்கும் நேரத்தில் வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தார்.

"நாத்தக்கா, ஒரு சேதி சொல்லத்தான் ஓடி வந்தேன். முளைச்சிருச்சு."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"போன வருஷம் நீங்க தொட்டு வச்சு வந்த விதை. இனிமே வராதுன்னு பையைக் கவுக்கப் போனாங்க. நான்தான் இருக்கட்டும்னேன். இன்னிக்குக் காலையில பாத்தா, தலையைத் தூக்கிட்டு நிக்குது." அவர் கைபேசியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கறுப்பு மண்ணில் செம்பு நிறத்தில் ஏதோ வளைந்து நின்றது. "கொப்பு வச்சு எவ்வளவு வளத்தாலும் எல்லாம் ஒரே செடிதானே. இது புதுசு. இதுதான் காட்டுக்குத் திரும்பிப் போகப் போறது. ஆனா ரெண்டு மூணு முளை போதாதுக்கா. இந்த வருஷம் நிறைய விதை எடுத்தாகணும்."

அக்காவின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சூப்பர்வைசர் குனிந்தார்.

"மாப்பிள்ளை பூத்தாச்சாக்கா?"

அக்கா தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தாள். சூப்பர்வைசரும் திரும்பிப் பார்த்தார். அறையில் அந்த இரண்டு முகமும் அவனுக்காகக் காத்திருந்தன.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அடுத்து, எதுக்கு வெட்டினீங்க என்று கேட்பார். உயிரோடு படுத்திருக்கிறவளுக்கு முன்னால், அவளை வெளியே எடுக்க வழி வெட்டினேன் என்று இன்னொரு மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"மொட்டு விட்டிருக்கு சார்," என்றான். "நல்லாருக்கு."

"அப்படியா! ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுறேன்." அவர் எழுந்தார்.

"இருட்டிருச்சு சார். சந்துல விளக்கு இல்ல. மாடு கண்ணு வேற கட்டியிருக்கு. நாளைக்குப் பகல்ல பாத்துக்கலாமே."

அவர்களிடம் மாடும் இல்லை, கன்றும் இல்லை. எங்கிருந்து அது வாயில் வந்தது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அக்கா அவனை இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு சிரமப்பட்டுத் திரும்ப அவளுக்கு எங்கே தெம்பு இருந்ததோ.

சூப்பர்வைசரைத் தெருவரை கொண்டு விட்டுத் திரும்பியபோதும் அவள் அப்படியே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

"அக்கா."

முதுகு மெல்ல ஏறி இறங்கியது.

"அக்கா, நாளைக்குக் கண்டிப்பா சொல்லிருவேன். அவரு திடீர்னு கேட்டதும் என்னமோ ஆகிப்போச்சு. நாளைக்குக் காலையில நானே நாத்தங்காலுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன். சரியாக்கா?"

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. போர்வைமேல் கிடந்த கையை அவன் தொட்டான். குளிர்ந்திருந்தது. அவன் தொட்டதும் விரல்கள் உள்ளே மடங்கின. பிடிக்கவா, விலக்கவா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து, "அண்ணி, இந்தப் பக்கம் திரும்புங்க," என்று தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தான். சுவர்ப் பக்கம் இருந்த முகத்தை இருவருமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

காலையில் தச்சர் பெட்டியோடு வந்தார். நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவன் அவர்களைச் சந்துப் பக்கம் கூட்டிப் போகலாம் என்று முன்னால் நடந்தான். திரும்பிப் பார்த்தால் யாரையும் காணோம். பெட்டி முன்வாசல் வழியாகவே உள்ளே போய்விட்டது. வளைவில் லேசாகச் சாய்த்தார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணே, திரும்பாதுன்னீங்க?"

"ஆளைப் பாத்துட்டுப் போய்ச் சின்னதா அடிச்சுட்டேன்ப்பா. அக்காவுக்கு எதுக்குப் பெரிசு?" தச்சர் வளைவை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "இப்பத் தாராளமா இருக்கு. சந்துக்கெல்லாம் போக வேண்டியதில்ல."

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். தச்சர் அவன் தோளைத் தட்டினார். "எல்லாத்தையும் முன்கூட்டியே பாத்துப் பாத்துச் செஞ்சே. அக்காவுக்குத் தம்பின்னா இப்படி இருக்கணும்." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர், வழியெல்லாம்கூட விட்டு வைத்திருக்கிறானாம் என்று மற்றவரிடம் மெல்லச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

நாற்றங்காலிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வேலைக்குப் போகிற நாளைப் போலவே தலையில் துணி கட்டியிருந்தார்கள். பின்னால் சூப்பர்வைசர். அக்காவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவன் அவரிடம் போனான்.

"சார், ஒரு நிமிஷம். இப்படி வாங்க."

சந்துக்குக் கூட்டிப் போனான். சொல்வதற்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லாததே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சூப்பர்வைசர் மதிலோடு கட்டிக் கிடந்த பெண் செடியைப் பார்த்தார். நடுவில் தரைமட்டத்தில் இருந்த வெட்டுமுகத்தைப் பார்த்தார். மாட்டைத் தேடுகிறவர் மாதிரி இங்கும் அங்கும் ஒருமுறை பார்த்தார்.

"எப்ப?"

"நேத்து மத்தியானம் சார்."

"நான் வந்தப்ப?"

"வெட்டியாச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவர் போல, மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவங்களை முன்னால வச்சுக்கிட்டேவா நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதுக்கு வெட்டினீங்க என்று அவர் கேட்கவே இல்லை. கேட்பார் என்று பயந்துதான் நேற்று வாயை மூடினான்.

"கொப்பெல்லாம் தூக்கிப் போட்டாச்சா?"

"இல்ல சார். தண்ணியில வச்சிருக்கேன். அக்கா சொன்னாங்க."

"எங்க?" அவர் குரல் மாறியது. "எங்கய்யா? கொண்டுவாங்க!"

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வாளியைத் தூக்கி வந்தான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றதில் மொட்டுகள் பாதிக்குமேல் விரிந்திருந்தன. சூப்பர்வைசர் ஒரு கொப்பை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். மஞ்சள் தூள் விழுந்தது. பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து, பார்த்து, புரிந்துகொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். ஆளுக்கொரு கொப்பை எடுத்துக்கொண்டு, பழங்களுக்கு நடுவே புதிதாகப் பூத்திருந்த பெண் பூக்களைத் தேடித் தேடி, ஆண் பூவைக் கிள்ளித் தொட்டு வைத்தார்கள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. இங்கேயும் ஒன்றிரண்டு பேர் அழுதுகொண்டேதான் தொட்டு வைத்தார்கள்.

மேல் கிளையில் ஒரு கொத்துப் பூ யாருக்கும் எட்டாமல் இருந்தது. அவன் உயரமானவன். வாளியிலிருந்து ஒரு கொப்பை எடுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"நீங்க தொடாதீங்கண்ணே," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கடுமையாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடப் போகிறவனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவன் கொப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, கிளையை மட்டும் வளைத்துப் பிடித்தான். அதையும் வேண்டாம் என்பாளோ என்று பார்த்தான். அவள் விட்டுவிட்டாள்.

மிச்சமிருந்த கொப்புகளை ஈரத்துணியில் சுற்றினார்கள். "ஊனிப் பாக்கலாம்," என்றார் சூப்பர்வைசர். "இதுவரை எதுவும் பிடிச்சதில்லையே சார்," என்றாள் ஒருத்தி. "தெரியும். ஊனிப் பாக்கலாம்." பிறகு அவர் குந்தி உட்கார்ந்து, வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு. அடியில தளிர் வந்தா உண்டு. ரோட்டோரப் புதர் மாதிரி வெட்ட வெட்ட வர்ற சாதி இல்ல இது. ஒரு முளை வந்தா, ஒரே ஒரு முளைதான் வரும். அதை யாராவது மிதிச்சாப் போச்சு."

"மிதிக்க விட மாட்டேன் சார்."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அக்காவை முன்வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள். அவன் முன்பக்கத்தில் தோள் கொடுத்தான். வளைவில் பெட்டி சாய்ந்தபோது கனம் முழுவதும் அவன் பக்கம் வர வேண்டும். வரவில்லை. பெட்டியில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. வந்தவர்களின் காலெல்லாம் சேறு. முன்னால் நாற்காலிகளும் செருப்புகளும் அடைத்துக் கிடந்தன. கொல்லைக் குழாயில் கால் கழுவ யாரோ ஒருவர் வழி தேடினார். சந்து தெருவிலிருந்து குழாய்வரை பளிச்சென்று திறந்து கிடந்தது. அவர் அதில் நடந்தார். அவர் பின்னால் இன்னும் இருவர். "நல்லவேளை, இப்படி ஒரு வழி விட்டிருக்காங்க," என்று பேசிக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமே திரும்பியது.

அவன் ஓடினான். ஆட்களை விலக்கிக்கொண்டு போய், வெட்டுமுகத்துக்கு இந்தப் பக்கம், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். காலை நீட்டி மதிலில் முட்டுக் கொடுத்தான்.

"என்னப்பா, வழி இல்லையா?" முன்னால் வந்தவர் திகைத்து நின்றார்.

"இல்ல. சுத்திப் போங்க."

"இப்பத்தானே அவங்க..."

"வழி இல்லங்க. சுத்திப் போங்க."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் வந்தவர்களைப் பார்த்து, பேசாதீங்க என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். பாவம், அக்கான்னா உயிரு, என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் திரும்பியது. கால் கழுவப் போனவர்கள் கொல்லைப் பக்கமிருந்து திரும்பி வருகிற சத்தம் கேட்டது. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, வெட்டுமுகத்தின்மேல் விரல்களைக் குவித்து வைத்தான். அந்தப் பக்கத்தையும் எப்படி மறிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. மனைவி வந்தாள். அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், அவன் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். சேலையை முழங்காலோடு சேர்த்து அள்ளிப் பிடித்துக்கொண்டு, வெட்டுமுகத்துக்கு அந்தப் பக்கம், கொல்லையைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன.

தூறல் மறுபடி பிடித்தது. கால் கழுவி வந்தவர்கள் அவள் முன்னால் வந்து நின்றுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வேறு பக்கம் திரும்பிப் போனார்கள்.